நாலாம் எண் சட்டையைத் துவைத்தவன்

1

மால்டாவுக்குப் போய்ப் பதினோரு ஆண்டு முடிந்த அன்று, ஒரு காகிதப் பை எங்கே என்று என்னைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னைப் பர்மாவுக்கு, யாங்கோன் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நகரத்தின் லான்மடா பகுதியில், அக்காள் வீட்டில், மின்சாரம் போன ஒரு பகலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதிர்ச்சி இன்னும் கையை விட்டுப் போகவில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மால்டா எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இதே நகரத்தின் அலோன் பகுதியில் ஒரு பெரியவர், "மலேசியாவுல அது எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார். மலேசியாவில் எந்தப் பக்கமும் இல்லை. இத்தாலிக்குக் கீழே, கடலுக்கு நடுவில், யாங்கோன் நகரத்தைவிடச் சின்னதான ஒரு தீவு நாடு. ஊருக்கொரு மாதா கோயில், ஊருக்கொரு கால்பந்து கிளப். நம் திருவிழாக்களில் எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை என்று சண்டை வருமே, அந்தச் சண்டை அங்கே கால்பந்தில் வரும். எங்கள் ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்து ஊர்க்காரன் கண்ணில் பட்டால் எங்கள் கிளப்பின் தொண்ணூறு ஆண்டுக்கும் சேர்த்துச் சிரிப்பான்.

அந்தக் கிளப்பில் நான் சட்டை துவைப்பவன். கௌரவமாகச் சொன்னால் உடுப்புப் பொறுப்பாளர். வார இறுதியில் ஆட்டம். திங்களும் செவ்வாயும் துவைப்பு. மற்ற நாட்களில் தையல் பிரிந்ததைத் தைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது. துறைமுக ஆபீசில் இங்கிலீஷ் டைப் அடித்த என் அப்பா உயிரோடு இருந்திருந்தால், மிஷன் பள்ளியில் படித்தவன் இதற்கா விமானம் ஏறினாய் என்று கேட்டிருப்பார். கேட்கட்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். இருபத்திரண்டு சேற்றுச் சட்டைகள் வெயிலில் வெளுப்பாகத் தொங்குவதைப் பார்க்கிற சுகம் ஆபீஸ் நாற்காலியில் கிடைக்காது.

கிளப்பின் செயலாளர் கார்மனு, எழுபதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பில் அறுவை நடந்த பிறகு கைத்தடியோடு வருகிறார். என் வேலை அனுமதித் தாளில் ஆண்டுதோறும் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். அவர் போடாவிட்டால் நான் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்றைக்கும் பதினோராவது தடவையாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். அவர் பேசுகிற ஆங்கிலத்தில் பாதி மால்டீஸ் கலந்திருக்கும். நான் தமிழில் எழுதுகிறேன்.

"உடுப்பு அலமாரியில, கடைசித் தட்டுல, பின்னால ஒரு காகிதப் பை இருக்கும் சேவியர். எடுத்துட்டு வா. பிரிச்சுப் பாக்காத."

அந்தப் பையை நான் பிரித்து இரண்டரை ஆண்டு ஆகிறது. பை குப்பைக்குப் போயிற்று. உள்ளே இருந்தது அலோனுக்குப் போயிற்று.

"பத்திரமா மேல பெட்டியில வச்சிருக்கேன்," என்று என் வாய் சொன்னது. "தேடி எடுத்துத் தர்றேன்."

"அவசரமில்ல. விழாவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு," என்றார் கார்மனு.

2

கிளப்புக்குத் தொண்ணூறாம் ஆண்டு. அதற்காக ஒரு வரலாற்றுப் புத்தகம் தயாராகிறது. கார்மனுதான் எழுதுகிறார். மாலை நேரத்தில் கிளப் வீட்டு மதுக்கடை மேசையில், கண்ணாடி டம்ளரில் பால் தேநீரை வைத்துக்கொண்டு, எழுதினதை எங்களுக்குப் படித்துக் காட்டுவார். கப்பல் பட்டறைத் தொழிலாளிகள் ஆரம்பித்த கிளப். திருவிழாவில் எந்தச் சுரூபம் முன்னால் போக வேண்டும் என்ற வழக்கில் இரண்டாக உடைந்து, பதினொரு பேர் தேறாததால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்த கிளப். போரில் குண்டு விழுந்து கோப்பைகள் போயின என்று எழுதியிருந்தார். எத்தனை கோப்பை என்று ஒருவர் கேட்டார். ஒன்று என்றார் கார்மனு. கடை முழுக்கச் சிரிப்பு.

இத்தனை ஆண்டில் ஒரே ஒரு பருவம்தான் எங்கள் கிளப் முதல் பிரிவுக்கு ஏறியது. அந்தப் பக்கம் வந்தால் மட்டும் கார்மனு படிக்காமல் தாளைப் புரட்டிவிடுவார். மற்றவர்களும் தேநீரைப் பார்ப்பார்கள். நான் இதைப் பல தடவை பார்த்தவன்தான். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பிழைக்க வந்தவன் ஊர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கை என் காலை வாரிவிட்டது.

பை போன கதையை அன்று மாலை மகளிடம் சொன்னேன். ரீத்தாவுக்குப் பதின்மூன்று வயது, அங்கேயே பிறந்தவள்... இல்லை, தப்பாக எழுதிவிட்டேன், இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. அவளைப் பார்க்கிற யாரும் அங்கேயே பிறந்தவள் என்றுதான் சொல்வார்கள், எனக்கே மறந்துபோகிறது. கிளப்பின் சிறுமிகள் அணியில் ஆடுகிறாள். என்னிடம் ஆங்கிலம், கார்மனுவிடம் மால்டீஸ். தமிழ் என்றால் காய்கறிப் பெயர்களும் அவள் அம்மா திட்டுகிற வார்த்தைகளும் மட்டும்.

அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"அப்பா, அது சென்சுவோட சட்டை."

"எந்த சென்சு?"

"கார்மனு தாத்தாவோட தம்பி. எங்க டீம்ல சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பதினோரு ஆண்டு அந்த ஊர்ச் சேற்றைத் துவைத்தவனுக்குத் தெரியாதது, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எதற்கு அதிர்வது என்று எனக்கே குழம்பிவிட்டது.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதுகிறேன். அந்த ஒரே நல்ல பருவத்தில் சென்சு பின்வரிசை ஆட்டக்காரன், நாலாம் எண். அங்கே ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: தோற்காமல் போய்க்கொண்டிருந்தால் சட்டையைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் ராசி போய்விடும். ஏழு ஆட்டம் தோற்கவில்லை. ஏழாவது ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தது. சென்சு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, "இதுல யாரும் கை வைக்காதீங்க, அடுத்த வாரமும் இதேதான்" என்று சொல்லிவிட்டு, ஊர்த் திருவிழாவுக்கு வாணவெடி செய்கிற அறைக்குப் போனான். வெடி செய்வது அங்கே கூலி வேலை இல்லை, ஊர்ப் பிள்ளைகள் பெருமைக்குச் செய்வது. பிற்பகலில் அந்த அறை வெடித்துச் சிதறியது.

அம்மா கண்ணில் படக் கூடாது என்று கார்மனு அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. காகிதப் பையில் சுற்றி, கிளப் அலமாரியின் கடைசித் தட்டில் வைத்தார். முப்பத்தொரு ஆண்டு. ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லையாம். இருக்கிறது என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

3

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டரை ஆண்டுக்கு முன் கார்மனு அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தார். புதிதாக வந்த தலைவர் இளைஞர். கிளப்பில் மூன்று வருடக் கதைதான் தெரியும். அலமாரி நாறுகிறது, பழையதையெல்லாம் காலி பண்ணு, வேண்டியவர்களுக்குக் கொடு என்றார். எனக்கு உடனே அலோன் நினைவு வந்தது. படகுத்துறைப் பக்கம் நம் பையன்கள் ஆடுகிற அணிக்கு ஒரே நிறத்தில் சட்டை கிடையாது, ஆளுக்கொரு பனியன். என் பழைய கூட்டாளி ராஜு அந்த அணியை நடத்தினான். பல பருவத்துச் சட்டைகளில் கிழியாத பதினைந்தைப் பொறுக்கினேன். எல்லாம் ஒயின் சிவப்பு, தோளில் வெள்ளைப் பட்டை. நாலாம் எண் மட்டும் காகிதப் பைக்குள் இருந்தது.

அது வேறு காலத்துத் துணி என்று அப்போதே கவனித்தேன். மற்றதெல்லாம் நைலான், இது கனமான பருத்தி. எண்ணைத் தனித் துணியில் வெட்டிக் கையால் தைத்திருந்தார்கள். கழுத்துப் பட்டியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு கறை, முதுகில் காய்ந்த சேறு. இவ்வளவு நல்ல துணியை இப்படி அழுக்கோடு சுருட்டி வைத்த சோம்பேறி யார் என்று மனதுக்குள் திட்டினேன்.

உடுத்திய துணியை அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால் துவைக்காமல் கொடுக்கக் கூடாது. அது என் அம்மாவின் சட்டம். உங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான் இருக்கும். ஒருவன் வேர்வையோடு இன்னொருவனுக்குக் கொடுத்தால் அவனுடைய கஷ்டமும் கூடவே போகும் என்பார். அதனால் பதினைந்தையும் துவைத்தேன். நாலாம் எண் கறை முதல் தடவை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்து, ஊறவைத்து, இரண்டாம் தடவை துவைத்தேன். போய்விட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்து, கெட்டிக்காரன்டா நீ என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

தீவின் தெற்கே சரக்குக் கப்பல்கள் நிற்கிற துறைமுகம் இருக்கிறது. நம் பர்மாப் பையன்கள் வேலை செய்யாத கப்பல் குறைவு. யாங்கோனுக்கு விடுமுறையில் போகிற ஒரு மாலுமியிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ராஜு படம் அனுப்பினான். பதினைந்து பேர், ஒரே நிறம், பின்னால் அலோன் படகுத்துறை. அந்தப் படத்தைக் கிளப்பில் எல்லாரிடமும் காட்டினேன். கைத்தடியோடு திரும்பி வந்திருந்த கார்மனுவும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "நம்மளவிட நல்லா நிக்கிறாங்க" என்றார். அந்தப் படத்தில் தம்பியின் சட்டை இரண்டாம் வரிசையில், பாதி மறைந்து நின்றது. அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

4

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. எனக்குக் கிடைத்ததோ முப்பது நாள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்று விடுமுறை கேட்டேன். அது பொய் இல்லை, காலாவதி நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. என் திட்டம் எளிது. புதுச் சட்டை பதினைந்து தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது; அதைக் கொடுத்துப் பழையதை மாற்றிக்கொள்வது; நாலாம் எண்ணைப் புதுக் காகிதப் பையில் சுற்றிக் கடைசித் தட்டில் வைத்துவிடுவது. கறை போனது? முப்பத்தொரு ஆண்டாகப் பார்க்காதவருக்குக் கறை எங்கே இருந்தது என்று நினைவிருக்குமா என்ன? இப்படியெல்லாம் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

யாங்கோனில் முதல் மூன்று நாள் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசை. விடியற்காலையில் டோக்கன், முற்பகலில் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள், மறுநாள் வேறு தாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கடைசியாக முத்திரை குத்தியபோது, மகிழ்ச்சியில் "மேலா, கிராத்சி" என்றேன். மால்டீஸில் 'சரி, நன்றி'. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறந்த ஊரில் நன்றி சொல்ல வாய்க்கு வேறு தேசத்து வார்த்தை வருகிறது. ரீத்தாவை எந்த வாயால் குறை சொல்வது?

நாலாம் நாள் அலோன். ராஜு படகுத்துறையில் மூட்டை எண்ணுகிற வேலைக்காரன். நரைத்துவிட்டான். தேநீர்க் கடையில் நான் பையைத் திறந்து புதுச் சட்டைகளைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தான், மடித்து உள்ளே வைத்தான்.

"பதினஞ்சு எய்ஞ்சி கொண்டாந்திருக்க. பதினஞ்சு ஆளையும் கொண்டாந்திருக்கலாம் சேவியரு."

எய்ஞ்சி என்றால் இங்கே சட்டை. அவன் சொன்னது புரியாமல் பார்த்தேன். போனை எடுத்து அந்தப் பழைய படத்தைத் திறந்தான். ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனான்.

"இவன் பேங்காக்ல சமையக்கட்டு. இவன் மலேசியா. இவன் தாய்லாந்து எல்லையில மாயே சோட் வரைக்கும் போனான்னு தெரியும். இது ரெண்டும் அண்ணந்தம்பி, கொரியாவுக்குப் பரீச்ச எழுதிப் போயிட்டானுங்க. இவன் பேரு பட்டாளத்துக்கு ஆளெடுக்குற பட்டியல்ல வந்துருச்சு, இழுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம்தான் எல்லாரும் ஒரே மாசத்துல கெளம்புனது. இவன் தெரியாது. இவனும் தெரியாது."

"அப்ப டீமு?"

"கோல் போஸ்ட்டு இருக்கு. போயிப் பாத்துக்க."

போய்ப் பார்த்தேன். போஸ்ட் இருந்தது, ஒருவர் அதில் லுங்கி காயப்போட்டிருந்தார். என் கிளப் இரண்டாக உடைந்தபோது பதினொரு பேர் தேறவில்லை என்று நாங்கள் சிரிக்கிறோம். இங்கே பதினைந்தில் மிஞ்சியது முட்டி உடைந்த கோல்கீப்பரும் ராஜுவும்தான். தொண்ணூறு ஆண்டுக் கிளப்புக்கு ஒரு புத்தகம். ராஜுவின் கிளப்புக்கு அந்தப் படம் ஒன்றுதான்; அதுவும் திரையில் விரிசல் விழுந்த போனில்.

சட்டைகளில் சிலதைப் பையன்கள் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். ஒன்பதாம் எண்ணை ராஜுவின் மனைவி அடுப்படியில் போட்டுக்கொண்டு நின்றார். பதினொன்றாம் எண் படகு துடைக்கிற துணியாகிவிட்டது. நாலாம் எண் யாரிடம் என்று கேட்டேன்.

"அந்தக் காட்டன் எய்ஞ்சியா? அந்தோணி எடுத்தான். வேர்வையை இழுக்குது மாமான்னு சண்ட போட்டு வாங்குனான். அவனும் போயிட்டான். அம்மா தன்லியின்ல இருக்கு, எஸ்தர். எதுக்குக் கேக்குற?"

சொன்னேன். ராஜு தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டான்.

"கெய்ச மஷிபூன்னு சொல்ல முடியாது சேவியரு," என்றான். பரவாயில்லை என்பதை நாள் முழுக்கச் சொல்கிற ஊரில், சொல்ல முடியாது என்று ஒருவன் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

5

தன்லியினுக்கு பஸ்ஸில் போனேன். பாகோ ஆற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. மடியில் புது நாலாம் எண் சட்டை, கண்ணாடிக் காகிதத்தில்.

எஸ்தர் அக்கா தையல் ஆலையில் வேலை செய்கிறவர். அன்று ஆலைக்கு மின்சாரம் இல்லாததால் வீட்டில் இருந்தார். ஒற்றை அறை. கதவைத் திறந்தவரிடம், நான் அலோன் சேவியர், வெளிநாட்டிலிருந்து வருகிறேன் என்றேன். என் அறிவு அதோடு நின்றிருக்கக் கூடாதா? "அந்தோணியோட சட்டை ஒண்ணு இருக்காமே அக்கா, செவப்புல, நாலு நம்பர் போட்டது. அதப் பாக்கணும்," என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க கெடச்சான்?" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நொடி ஆனது. பதினாறு மாதத்துக்கு முன் தரகனோடு எல்லைக்குக் கிளம்பிய பிள்ளை. பதினான்கு மாதமாகப் போன் இல்லை என்று ராஜு சொல்லியிருந்தான். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வாசலில் வந்து நின்று, உன் மகன் சட்டையைக் காட்டு என்று கேட்கிறான். எந்தத் தாய் என்ன நினைப்பாள்? ஆளை அடையாளம் பார்க்கத்தானே சட்டையைக் கேட்பார்கள்.

"அய்யோ அக்கா, அதில்ல. அவனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா ஒண்ணும் தெரியாது. சட்டைதான். வெறும் சட்டைதான்."

இதை எத்தனை தடவை சொன்னேனோ. ஒன்றும் தெரியாது என்று கேட்டு ஒரு மனுஷி மூச்சு விட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு கதவைச் சாத்தினார். திறந்த கதவு அதுவரை மறைத்திருந்த சுவரில் ஓர் ஆணி. ஆணியை மெல்லிய துண்டு ஒன்று மூடியிருந்தது. துண்டை எடுத்தார். நாலாம் எண்.

ஆணியில் மாட்டியபடியே இருந்தது. கடைசி ஆட்டம் முடிந்து வந்து மாட்டியது. விடியற்காலையில் குளிக்காமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டானாம். முதுகில் காய்ந்த சேறு. கழுத்துப் பட்டியில், நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து எடுத்த அதே இடத்தில், புதிதாக ஒரு மஞ்சள் கறை.

நான் கையில் வைத்திருந்த புதுச் சட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தவன் நான். மானம் போயிற்று.

எல்லாவற்றையும் சொன்னேன். சென்சு, ஏழு ஆட்டம், வெடி, காகிதப் பை, அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுகிற அண்ணன். எஸ்தர் அக்கா குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். பெரிய துணிக்கடையில் மடிப்பதுபோல, சட்டைக் கை இரண்டையும் உள்ளே மடக்கி, சேறு உதிராமல் மடித்தார். என் முன்னால் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ தம்பி. அவருதுதான மொதல்ல. முப்பது வருஷம் வச்சிருந்தவரு."

"ஒங்களுக்கு?"

"எனக்கு ஆணி இருக்குல்ல."

எடுத்திருந்தால் என் காரியம் முடிந்திருக்கும். கை நீளவில்லை. பயந்து செத்தேன் என்பதுதான் உண்மை. இதை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தட்டில் வைத்துவிட்டு, எப்படி அதற்குப் பக்கத்தில் நின்று தினமும் துணி மடிப்பேன்?

போனை எடுத்தேன்.

6

முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு இங்கே லேசில் கிடைக்காது. நாலு தடவை அறுந்தது. ஐந்தாவது தடவை கார்மனு தெரிந்தார். அங்கே முற்பகல், கிளப் மேசை, தேநீர் டம்ளர், புத்தகத் தாள்கள்.

"பாஸ்போர்ட் கெடச்சுதா?" என்றார்.

பாஸ்போர்ட் கிடைத்தது, ஆனால் பை மேல் பெட்டியில் இல்லை என்று ஆரம்பித்தேன். நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயம். சொல்லி முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

சட்டை எங்கே என்றுதான் கேட்பார் என்று நினைத்தேன்.

"தொவச்சியா?" என்றார்.

"தொவச்சேன்."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. கார்மனு கையை உயர்த்தினார், சத்தம் நின்றது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எஸ்தர் அக்காவுக்கு மொழி தெரியாது, ஆனால் அவ்வளவும் புரிந்திருக்க வேண்டும். மடித்த சட்டையைப் பிரித்து, இரண்டு தோளையும் பிடித்து, போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். முப்பத்தொரு ஆண்டாகப் பார்க்காத மனிதர் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். திரை முழுக்க அவருடைய ஒரு கண்தான் தெரிந்தது.

"அந்தச் சேறு யாரோடது?"

"இவங்க மகன் அந்தோணியோடது. போயிப் பதினாறு மாசம். தகவல் இல்ல."

"இந்தம்மா தொவச்சாங்களா?"

கேட்டேன். எஸ்தர் அக்கா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எப்படித் தம்பி தொவைக்கிறது? வந்து அவனாப் போட்டாத்தான் உண்டு."

அதை அவருக்குச் சொன்னேன். கார்மனு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மடிக்க வேணாம்னு சொல்லு. எந்த ஆணியில இருந்துச்சோ அதுலயே மாட்டச் சொல்லு."

அழைப்பு அறுந்தது. இணைப்பு போனதா, அவர் அணைத்தாரா, தெரியாது. எஸ்தர் அக்கா மறுபடி ஆணியில் மாட்டினார். துண்டைப் போர்த்தினார். நான் போகும்போது கதவைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்ததும் சட்டை கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

7

அதற்குப் பிறகு ஐந்து நாளாகக் கார்மனு என்னோடு பேசவில்லை. செய்தி அனுப்பினால் பார்த்த அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. அனுமதித் தாள் என்ன ஆகும் என்று என் மனைவி கேட்டாள். அடுத்த ஆண்டுதான் தெரியும் என்றேன். அவர் கோபித்துக்கொண்டாலும் நியாயம்தான். கடல் கடந்து போய், அடுத்தவருடைய துக்கத்தை அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டவன் நான். இந்த ஊரிலிருந்து போகிற யாருக்காவது உதவும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்: போன இடத்தில் வேலையைக் கற்றுக்கொள்வதோடு நிற்காதீர்கள். அங்கே எல்லாரும் எந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நேற்று ரீத்தாவிடமிருந்து ஒரு படம் வந்தது. புத்தகத்தின் அச்சுக்குப் போகிற தாள். சென்சுவின் பக்கம். சட்டையின் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அதன் கீழே கார்மனுவின் ஒரு வரி, மால்டீஸில். எனக்குத் துவைக்கிற அளவுக்குத்தான் மால்டீஸ் வரும், முழுசாகப் புரியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுத்தில் அனுப்பாமல் குரலில் அனுப்பினாள். தமிழில். தடுக்கித் தடுக்கி, நடுவில் மூச்சு வாங்கி, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

"அப்பா, அதுல எழுதியிருக்கு... நாலு நம்பர் வெளியூர் மேட்ச்சுக்கு... போயிருக்கு. அவ்ளோதான். அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க."

இன்று காலை மறுபடி தன்லியினுக்குப் போனேன். நாளை மறுநாள் எனக்கு விமானம். வாசலில் நின்றே மகளுடைய குரலைப் போட்டுக் காட்டினேன். எஸ்தர் அக்கா போனைக் காதோடு வைத்துக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

"வெளியூர் மேட்ச்சுன்னா திரும்பி வந்துருவாங்கல்ல தம்பி?" என்று கேட்டார்.

பதினோரு ஆண்டாக எத்தனையோ வெளியூர் ஆட்டத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். தோற்று வந்திருக்கிறோம், மழையில் நனைந்து வந்திருக்கிறோம், வண்டி பழுதாகி நடந்தே வந்திருக்கிறோம்.

"வந்துருவாங்க அக்கா," என்றேன். "வர்ற வரைக்கும் தொவைக்காதீங்க."